கொடி நின்றுவிட்டால்

மூன்று மாதமாக ஒரே உயரத்தில் நிற்கும் முல்லைக்கு நம் வீடுகளில் நடக்கும் முதல் வைத்தியம் ஒரு கைப்பிடி உரம். பலிக்கவில்லை என்றால் இன்னொரு கைப்பிடி. அதற்கும் அசையவில்லை என்றால் அரிசி களைந்த தண்ணீர், வெங்காயத்தோல் ஊறல், முட்டை ஓட்டுத் தூள் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கொடி அப்படியே நிற்கும். வளராமல் நிற்கும் கொடிகளில் பசியால் நிற்பவை குறைவு. பெரும்பாலும் வேர் இடமில்லாமல் சுருண்டிருக்கும்; அல்லது ஈரத்தில் மூச்சுமுட்டிக் கிடக்கும்; அல்லது வெயில் போதாது; அல்லது அது வளரும் காலமே இதுவாக இருக்காது. இவற்றில் எதற்கும் உரம் மருந்தாகாது. நோயுற்ற வேரின் தலையில் உரத்தைக் கொட்டினால் உள்ள வேரும் கருகும். அதனால் இந்த அத்தியாயத்தில் உரம் கடைசியில்தான் வருகிறது. அதற்குமுன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நிஜமாகவே நின்றிருக்கிறதா?

மேல் நோக்கிப் போகும் நல்ல தளிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கடைசிக் கணுவுக்குக் கீழே ஒரு நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து நூலுக்கு மேல் எத்தனை புதுக் கணு வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது. நூலுக்குத் தெரியும்.

பிறகு அடியிலிருந்து நுனிவரை தண்டைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள தூரம் எங்கே திடீரென்று குறைகிறதோ, அங்கேதான் தொந்தரவு ஆரம்பித்திருக்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் போய் போர் தண்ணீர் வந்ததா? வெள்ளையடித்தபோது சுண்ணாம்பு வடிந்து அடிமண்ணில் இறங்கியதா? பக்கத்து மனையில் மாடி எழும்பி வெயிலை மறைத்ததா? பாதி நோயறிதல் இந்த ஞாபகப்படுத்தலிலேயே முடிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, கணுவிடை நீண்டு, தண்டு மெலிந்து, இலை வெளிறியிருந்தால் அது வெயிலைத் தேடி ஓடுகிற கொடி. அதற்கு வளர்ச்சிக் குறைவு கிடையாது, இடம்தான் தப்பு.

வயதையும் கணக்கில் வையுங்கள். நட்ட முதல் ஆண்டில் பெரும்பாலான கொடிகள் மண்ணுக்கு அடியில்தான் வேலை செய்கின்றன. ரங்கூன் மல்லி முதலில் புதர்போலக் கொத்தாக நிற்கும். அதைப் பார்த்து ‘கொடி என்று சொல்லிச் செடியைக் கொடுத்துவிட்டான்’ என்று நர்சரிக்காரரைத் திட்டுபவர்கள் உண்டு. வேர் பிடித்தபின் அதே செடி நீண்ட கிளைகளை வீசிக்கொண்டு மாடிக்குப் போகும். அப்போது அதை அடக்குவதுதான் பாடு. மனோரஞ்சிதம் இன்னும் நிதானம். விதையிலிருந்து வந்தது பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதை அவசரப்படுத்த வழியில்லை. பொறுமை இல்லாதவர்கள் பதியன் போட்ட செடியாகப் பார்த்து வாங்கிக்கொள்வது நல்லது.

செங்காந்தள் விஷயத்தில் நடக்கும் தவறு வேறு. கார்த்திகையில் பூத்த கொடி தையில் பழுத்துக் காய்ந்து மறைந்ததும், செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார்கள். சாகவில்லை, மண்ணுக்குள் கிழங்கு உறங்குகிறது. ஆடி மழைவரை அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றினால் உறங்கும் கிழங்கு அழுகும். ‘எல்’ வடிவத்தில் இருக்கும் அந்தக் கிழங்கின் முனையில்தான் முளை இருக்கிறது. தோண்டும்போது முனை ஒடிந்த கிழங்கை எத்தனை நாள் காத்திருந்தாலும் அது முளைக்காது. அடிக்கடி தொட்டி மாற்றுபவர்கள் வீட்டில் செங்காந்தள் தங்காமல் போவதற்கு இதுவே காரணம். கிழங்கு, விதை உட்பட அந்தக் கொடி முழுவதும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் தோண்டிய கிழங்கை வெளியே போட்டு வைக்காதீர்கள்.

பருவமும் வெயிலும்

மல்லிகை இனங்களுக்குப் பனி ஆகாது. மார்கழியிலும் தையிலும் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை விலை எங்கோ ஏறுவதற்கு முகூர்த்தமும் பொங்கலும் ஒரு காரணம். செடி மொட்டு விடுவதைக் குறைத்துக்கொள்வது இன்னொரு காரணம். தோட்டக்காரருக்கே விளையாத மாதத்தில் உங்கள் வீட்டு முல்லை தளிர்க்கவில்லை என்று உரக்கடைக்கு ஓட வேண்டாம். மாசி பிறக்கட்டும். மாசி, பங்குனியிலும் அசையாமல் நின்றால் அப்போது கவலைப்படுங்கள்.

வெயில் கணக்கில் நம் ஊருக்கு ஒரு விசேஷம் உண்டு. வட நாடுகளில் எழுதப்பட்ட தோட்டப் புத்தகங்கள் ‘வடக்குச் சுவரில் வெயில் படாது’ என்று சொல்லும். இங்கே அது பாதி உண்மை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சி வேளைச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. கன்னியாகுமரியில் இந்தக் காலம் இன்னும் நீளம். ஆகவே வடக்குப் பால்கனியில் வைத்த ஜாதிமல்லி கோடையில் துள்ளி வளரும். ஐப்பசி வந்ததும் சூரியன் தெற்கே சாய்ந்து, கொடி நின்றுவிடும். தெற்குப் பக்கம் சன்ஷேட்டுக்குக் கீழே இருப்பதற்கு நேர் எதிர்க் கதை. மே மாத உச்சி வெயில் அதன்மேல் விழாது. மார்கழியின் சாய்ந்த வெயில் உள்ளே வரும். செடி வாங்கிய மாதத்தில் இடத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கொடியைக் குறை சொல்கிறோம்.

மல்லிகை, முல்லை, பிச்சி, காகிதப்பூ, சங்குப்பூ, ரங்கூன் மல்லி ஆகிய எல்லாவற்றுக்கும் நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நாலு மணி நேரம் கிடைத்தால் வளரும், பூ குறையும். அதற்கும் கீழே என்றால் இடத்தையோ கொடியையோ மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. தொட்டியாக இருந்தால் நகர்த்துங்கள். ஆனால் நிழலில் இருந்ததை ஒரே நாளில் மொட்டை மாடி வெயிலுக்குத் தூக்கிப் போனால் இலை பொசுங்கும். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, பிறகு ஏற்றுங்கள்.

வேர்

பருவமும் வெயிலும் சரி என்றால், பழுது பெரும்பாலும் மண்ணுக்குள்தான். பார்க்கத் தயங்கும் இடமும் இதுதான்.

தொட்டிச் செடி என்றால் முதலில் தொட்டியின் அடித் துளையைப் பாருங்கள். வேர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், தண்ணீர் ஊற்றியவுடன் மண்ணில் நிற்காமல் ஓரமாக வழிந்து கீழே ஓடினால், காலையில் ஊற்றியும் மாலைக்குள் தலை தொங்கினால், உள்ளே மண்ணைவிட வேர் அதிகம் என்று அர்த்தம். செடியைத் தொட்டியோடு சாய்த்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் சுற்றிச் சுற்றிப் பாய்போலப் பின்னியிருக்கும். வெளிச்சுற்றைக் கூரான கத்தியால் நாலு பக்கமும் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் பின்னிக் கிடப்பதை ஒரு அங்குலம் அளவுக்கு வெட்டி எடுத்து, இரண்டு மூன்று அங்குலம் அகலம் கூடிய தொட்டிக்கு மாற்றுங்கள். வெட்டிய வேருக்கு ஏற்ப மேலே கிளையிலும் கால்பங்கு குறையுங்கள். நிரந்தரமாக மாடியில் வைக்கும் முல்லைக்கோ ரங்கூன் மல்லிக்கோ 15 அங்குலத்துக்குக் குறைவான தொட்டி எதற்கும் பயன்படாது. 18 அங்குலம் இருந்தால் உங்களுக்கும் நிம்மதி.

காகிதப்பூவுக்கு மட்டும் இந்த வைத்தியத்தைச் செய்யாதீர்கள். அதன் சிறு வேர்கள் எளிதில் அறும். அறுந்தால் மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்கும். வேர் மண்ணைக் கலைக்காமல், தொட்டியை உடைத்தோ பையைக் கிழித்தோ அப்படியே தூக்கி நட வேண்டும். கொஞ்சம் நெருக்கடியான தொட்டியில் அது நன்றாகவே பூக்கும் என்பதால், இடம் போதவில்லையே என்று அவசரப்படவும் வேண்டாம்.

நர்சரியிலிருந்து வந்த செடி முதல் ஆறு மாதத்தில் நின்றுபோனால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்தப் பைக்குள் இருந்த மண் உருண்டைமேல். ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வந்து நம் ஊர் நர்சரிகளில் இறங்கும் செடிகள் பலவும் ஒட்டும் களிமண்ணில் வளர்ந்தவை. பயணத்துக்கு அந்த மண் வசதி, உருண்டை உடையாது. ஆனால் அதை அப்படியே நம் செம்மண் கலவைக்குள் நட்டால், சுற்றியுள்ள மண் நனையும், உருண்டை காய்ந்து கல்லாகும், வேர் வெளியே வராது. நட்டு ஆறு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்தாலும் நர்சரியில் இருந்த அதே உருண்டை அப்படியே இருக்கும். நடும் முன் பக்கெட் தண்ணீரில் அரைமணி நேரம் ஊற வைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் கரைத்துவிட்டால் போதும். ஏற்கெனவே நட்டாகிவிட்டது என்றால், மழைக்காலத் தொடக்கத்தில் எடுத்து அதே வேலையைச் செய்து மறுபடி நடலாம்.

தரையில் நட்ட கொடிகளின் பகை காம்பவுண்டுச் சுவரின் அடி. வீடு கட்டி முடித்ததும் உடைந்த செங்கல், சிமெண்ட் கலவைச் சிதறல், பெயின்ட் கழுவிய தண்ணீர் எல்லாம் சேரும் இடம் அது. மேலே அரை அடிக்குச் செம்மண் கொட்டி மூடியிருப்பார்கள். கொடியின் வேர் அந்த அரை அடியைத் தாண்டும்போது நிற்கும். போதாததற்குச் சன்ஷேட் மழையைத் தடுப்பதால் ஊரெல்லாம் மழை பெய்தாலும் அந்த ஓரம் காய்ந்திருக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, இரண்டடி ஆழமும் இரண்டடி அகலமுமாகத் தோண்டி, இடிபாட்டை வெளியேற்றி, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் மணலும் நிரப்பி நடுங்கள். கொடிக்குச் சுவர்வரை சாய்ந்து போகத் தெரியும். ஒரு குச்சி வைத்தால் போதும்.

வடிகால் சரியா என்று அறிய, செடிக்குப் பக்கத்தில் ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது கொடிக்கான இடமல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்த இடத்து வேர் அழுகத்தான் செய்யும். தரையை ஒன்றரை அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியில் நட வேண்டும். வேர் அழுகலும் வறட்சியும் பார்க்க ஒன்றுபோல இருப்பது பெரிய தொல்லை. இரண்டிலும் இலை தொங்கும். உச்சி வெயிலில் தொங்கி மறுநாள் விடியலில் நிமிர்ந்தால் அது வெயில் களைப்பு. விடியற்காலையிலும் தொங்கிக் கிடந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் போய்க்கொண்டிருக்கிறது. அன்றே தண்ணீரை நிறுத்துங்கள்.

இனி வேர்முடிச்சு. மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வேருக்குள் புகுந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும். மேலே தெரிவது வெறும் மந்தம்: இலை சிறுக்கும், மஞ்சளாகும், எந்த உரமும் ஏறாது. மல்லிகை இனங்களில் இது சகஜம். ஓரமாகத் தோண்டிச் சில நுனி வேர்களை எடுத்துக் கழுவிப் பாருங்கள். சங்குப்பூவில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அது அவரைக் குடும்பம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நல்ல முடிச்சுகள் அதன் வேரில் இயற்கையாகவே இருக்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது. உதிர்த்தால் வேரும் சேர்ந்து அறும். நூற்புழு என்று உறுதியானால் செடிக்கு நூறு கிராம் வேப்பம்புண்ணாக்கை மேல்மண்ணில் கலந்து, சுற்றிலும் துலுக்கச் சாமந்தி நடுங்கள். முழுதாக ஒழியாது, அடங்கும். கத்தரி, தக்காளி வளர்த்த பழைய தொட்டி மண்ணைக் கொடிக்குப் போடும் வழக்கத்தை விடுங்கள். அந்தப் புழு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

தண்ணீரும் சுண்ணாம்பும்

தினமும் மாலையில் குழாய் பிடித்து மண்ணின் முகத்தை மட்டும் நனைப்பவர்கள் வீட்டில் வேர் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டு, காய்ந்திருந்தால் நிறைய ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் சும்மா இருங்கள். தரையில் நின்ற கொடிக்குக் கோடையில்கூட வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றினால் போதும். தொட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. மே மாதத்தில் மாடியில் இருப்பதைத் தினமும் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளத்தின் சூடு அடியிலிருந்தே வேரை வேகவைக்கும். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கறுப்பு க்ரோ பேக்கின் பக்கங்களில் சாக்கைச் சுற்றுங்கள். கொடியின் தலை வெயிலிலும் கால் நிழலிலும் இருக்க வேண்டும். அடியில் காய்ந்த இலைகளை மூன்று அங்குலத்துக்குப் பரப்பி மூடினால் அதுவே பாதி வேலையைச் செய்துவிடும்.

தண்ணீரின் அளவு சரி, தரம்? தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம் படிந்து, இலையின் ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்பு ஏறியிருக்கிறது. டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது; போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாசனத்துக்குத் தொல்லையில்லை, 2,000-ஐத் தாண்டினால் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டு அளவு. ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் வீணாகிறதே என்று கொடிக்குத் திருப்பிவிடும் சிக்கனக்காரர்கள், குடிக்க முடியாது என்று பிரித்த உப்பையெல்லாம் வேருக்குக் கொடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர் தரை துடைக்கட்டும். ஏசியிலிருந்து சொட்டுவது இதற்கு நேர் மாறு. காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் உப்பு ஏறக்குறைய இல்லை. பக்கெட்டில் பிடித்து ஊற்றலாம். உப்பேறிய தொட்டிக்கு மழைத் தண்ணீரோ ஏசித் தண்ணீரோ கிடைக்கும்போது, அடித்துளை வழியாக நன்றாக ஒழுகும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றிக் கழுவி விடுங்கள்.

இலையின் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், அதுவும் இளந்தளிரில் முதலில் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இது மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது அபூர்வம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் கடினத் தண்ணீரிலும் இரும்பு கரையாமல் பூட்டிக்கொள்ளும். வேரால் எடுக்க முடியாது. ஒரு கரண்டி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையிலும் ஃபெரஸ் சல்பேட் என்று உரக்கடையிலும் கிடைப்பதை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலை வேளையில் இலைமேல் தெளியுங்கள். மஞ்சள் மாறும்வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். சுவரிலும் டைல்ஸிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை போகவே போகாது. இப்படிப்பட்ட மண்ணில் முட்டை ஓட்டுத் தூளைச் சேர்ப்பது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவதுதான், ஓடு முழுவதும் சுண்ணாம்பு. புது சிமெண்ட் தொட்டி வாங்கினால் சில நாள் தண்ணீர் நிரப்பி, மாற்றி, காரத்தைக் கழித்த பிறகே மண் போடுங்கள்.

அடிப்பக்க முதிர்ந்த இலைகள் சீராக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு. இது ஒன்றில்தான் உரம் நேரடியாக வேலை செய்யும்.

பிடிமானம்

சங்குப்பூவும் முல்லையும் தண்டாலேயே சுற்றி ஏறுபவை. செங்காந்தள் இலை நுனியால் பற்றும். காகிதப்பூ முள்ளை மாட்டிச் சாய்ந்துகொள்ளும். அதைக் கட்டாமல் விட்டால் ஏறாது. சுற்றுகிற கொடிக்கு நாலு அங்குல பிவிசி குழாயைக் கொடுத்தால் பற்ற முடியாமல் வழுக்கி, நுனி தொங்கிப் புதராகும். விரல் பருமன் கம்போ கயிறோ குழாயோடு சேர்த்துக் கட்டினால் ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும். கோடையில் கொதிக்கும் இரும்புக் கம்பியில் இளநுனி பட்டுக் கருகுவதும் உண்டு. கம்பிமேல் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிவிடுங்கள்.

பூச்சி

நுனி சுருண்டு, தளிர் சிறுத்தால் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எறும்பு வரிசை ஏறுகிறது என்றால் மேலே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது. பீய்ச்சும் தண்ணீரில் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து வாரம் ஒரு முறை தெளித்தால் அடங்கும். முல்லையில் இலைமேலும் தண்டிலும் வெள்ளை வெல்வெட்போல மயிர் படர்ந்து, செடி குன்றிப்போனால் அது பூச்சியல்ல, நுண்ணிய சிலந்தி இனம். தாக்கிய பகுதியை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகத்தைத் தொடக் கூடாது, இலை வெந்துவிடும். அடிக்கடி இந்தத் தொல்லை வரும் ஊரில் இருப்பவர்கள் இதை எதிர்த்து நிற்கும் பாரிமுல்லை ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

கவாத்து

நாலைந்து வயதான மல்லிகை இனம் நின்றுவிட்டது என்றால், நான் முதலில் தேடுவது கத்தரிக்கோலைத்தான். மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றும் புதுத் தளிரில் பூப்பவை. வெட்டாமல் விட்ட கொடியில் அடியில் முதிர்ந்த கட்டையும் உச்சியில் கொஞ்சம் இலையுமாகத்தான் இருக்கும். இழுத்த நீரும் சத்தும் அந்தக் கட்டைகளைக் காப்பாற்றவே சரியாகப் போகும். பூக்கிற கொடியை வெட்டக் கூடாது என்ற பாசத்தால் வீட்டுக்கு வீடு கிழடாகி நிற்கின்றன.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை கறாரானது. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். பிச்சியை டிசம்பர் கடைசியிலும் முல்லையை ஜனவரி கடைசியிலும் 45 சென்டிமீட்டரில். வெட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரை நிறுத்துவது வழக்கம். வயலுக்கான அளவு இது. மாடிவரை ஏறிய முல்லையை முழங்கால் உயரத்தில் வெட்டுங்கள் என்றால் வீட்டில் சண்டை வரும் என்பதும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் மூன்று ஆண்டுத் தவணையாகச் செய்யலாம்: ஒவ்வோர் ஆண்டும் மிக முதிர்ந்த கட்டைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுத்துவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து கிளம்பும் தளிர்களில் நல்லதாக நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எறியுங்கள். வேர் அழுகிய செடியில் மட்டும் கவாத்து வேண்டாம். அதற்குத் தளிர்விடப் பலமில்லை.

இனி உரம்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, புதுத் தளிர் எட்டிப்பார்த்தபின் உரம் கொடுங்கள். தரையில் உள்ள வளர்ந்த மல்லிகைக்கு ஆண்டுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும், தழை 60, மணி 120, சாம்பல் 120 கிராம் சத்தும் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. கவாத்து செய்தவுடன் பாதி, ஜூன் - ஜூலையில் பாதி. கடைக் கணக்கில் சொன்னால், ஒவ்வொரு தவணைக்கும் 130 கிராம் டிஏபி, 100 கிராம் பொட்டாஷ், 15 கிராம் யூரியா. தண்டை ஒட்டிப் போடாமல், ஒரு அடி தள்ளி வட்டமாகக் கீறி, போட்டு மூடித் தண்ணீர் ஊற்றுங்கள். பூந்தோட்டத்தில் பூ எடுத்து விற்பவர்களுக்கான அளவு இது. வாசலில் சாமிக்கு நாலு முழம் கிடைத்தால் போதும் என்பவர்கள் பாதியோடு நிறுத்தலாம்.

தொட்டிக்கு இந்த அளவில் போட்டால் செடி செத்துவிடும். அங்கே 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஈரமான மண்ணில் ஊற்றுவது போதுமானது. இயற்கை முறை விரும்புபவர்களுக்குப் பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி. கடலைப்புண்ணாக்கை ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்துக் கொடுப்பது நல்ல பழக்கம்; காய்ந்த புண்ணாக்கை நேரே மண்ணில் போடுவது எறும்புக்கும் கறையானுக்கும் விருந்து. பச்சைச் சாணியும் அப்படித்தான், மக்கும்போது சூடு கிளப்பி வேரைச் சுடும். வெறும் தேங்காய்நார்க் கழிவில் நட்டவர்கள், அதில் தானாகச் சத்து ஏதும் வராது என்பதை நினைவில் வைத்து, கால்பங்காவது செம்மண்ணும் மண்புழு உரமும் சேர்க்க வேண்டும். சங்குப்பூவுக்கு யூரியா வேண்டவே வேண்டாம். காகிதப்பூவுக்குத் தழைச்சத்து கூடினால் இலை மட்டும் செழிக்கும். அதற்கு உரத்தைவிட, மொட்டு வைக்கும் முன் சில நாள் தாகம் காட்டுவதுதான் பலன் தரும்.

எப்போது கைவிடுவது

அடித்தண்டைச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே பச்சை இருந்தால் ஒரு பருவம் பார்க்கலாம். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அடுத்த வாரம்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பூவே இலைபோலப் பச்சையாகி, கொத்தாகச் சுருங்கும் பிச்சியும் முல்லையும் தேறாது. வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், அதிலிருந்து குச்சி வெட்டி யாருக்கும் கொடுக்காதீர்கள். வேர்முடிச்சால் போன குழியில் மறுபடியும் மல்லிகை வைப்பது காசைக் குழியில் போடுவது. மண்ணை மாற்றுங்கள், அல்லது ஒரு பருவம் முழுக்கத் துலுக்கச் சாமந்தி வளர்த்துப் பிடுங்கி மடக்கிய பிறகு நடுங்கள். வெயில் போதாமல் போன இடத்துக்குப் பாதி நிழலிலும் பூக்கும் தாம்சன் கிளெரோடெண்ட்ரம் பொருந்தும். நல்ல வெயிலும் மட்டமான மண்ணும் உள்ள இடத்தில், இரவு முழுக்க ஊறவைத்த நாலு சங்குப்பூ விதையை ஆடியில் ஊன்றினால் புரட்டாசிக்குள் பூ பார்த்துவிடலாம்.